நம்ம டவுன் பையன்கள் எடுத்த கொலைப் படம்: பயம் ஏன் வரவில்லை?

மரத்தடி

வணக்கம். சனிக்கிழமை இரவு நம்ம பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மண்டபத்தில் நம்ம பையன்கள் தங்கள் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். வந்திருந்தவர்களில் பலர் இந்த இணைய மன்றத்தில் எழுதுகிறவர்கள்தான். ஒலிக்கலவை முடிவதற்குள் குறைகளை மறைக்காமல் சொல்லுங்கள் என்று அவர்களே கேட்டதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். படம் இன்னும் வெளியாகவில்லை. அதனால் படத்தின் பெயரையும் பையன்களின் பெயரையும் யாரும் எழுத வேண்டாம்.

வராதவர்களுக்காகக் கதை: ரப்பர் தோட்டம் கைமாறி, லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) இருந்த சனங்கள் எல்லாம் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்குப் போய்விட்டார்கள். பல வருடம் கழித்து ஐந்து நண்பர்கள் பழைய லயத்தில் ஓர் இரவு தங்க வருகிறார்கள். உரச்சாக்கை முகத்தில் மாட்டிய ஒருவன் ஒவ்வொருவராகக் கொல்கிறான். அவ்வளவுதான். இந்த வகைப் படத்துக்கு அதற்கு மேல் கதை தேவையும் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அந்த உரச்சாக்கு முகமூடி அருமை. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, வாய் இருக்க வேண்டிய இடத்தில் பாதி அழிந்த எழுத்து. தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அந்தச் சாக்கு தெரியும். மழை வந்தால் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடியிருப்போம். கைப்பழக்கமான ஒரு பொருள் நம்மைக் கொல்ல வரும் முகமாக மாறும்போது வருகிற பயம் அசல் பயம். முகமூடி முதன்முதலாக ஜன்னலில் தெரிந்தபோது மண்டபமே அடங்கிப் போனது.

ஆனால் அந்தப் பயம் அடுத்த காட்சிக்குள் கரைந்துவிடுகிறது. என் பெரிய குறை ஒன்றுதான்: யார் எங்கே இருக்கிறார்கள் என்பது படம் முழுக்கத் தெரியவில்லை. அந்தப் பெண் மூன்றாவது வீட்டின் பின்கதவு வழியாக ஓடுகிறாள். அடுத்த ஷாட்டில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் பழைய கட்டடத்துக்குள் நிற்கிறாள். அதற்கடுத்து பாமாயில் தரும் செம்பனைக் காட்டுக்குள். புகைவீடு லயத்துக்கு எந்தப் பக்கம்? செம்பனை எவ்வளவு தூரம்? நமக்கு அந்தத் தோட்டம் தெரியும் என்பதால் மனசுக்குள் நாமே ஒட்டிப் பார்த்துக்கொண்டோம். வெளியூர்க்காரர் என்ன செய்வார்?

கொலைப் படத்தில் பார்க்கிறவருக்கு இடம் மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும். கதவு இங்கே, கிணறு அங்கே, விளக்கு இல்லாத மூலை அதோ. அவன் அந்த மூலையில் நிற்கிறான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது, அவள் அந்தப் பக்கமாகவே நடக்கிறாள். வயிறு பிசைவது அப்போதுதான். எங்கிருந்து வேண்டுமானாலும் அவன் முளைப்பான் என்றால் திடுக்கிடுவோம், பயப்பட மாட்டோம். இரண்டும் வேறு.

1978-இல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த ‘ஹாலோவீன்’ ஏறக்குறைய மூன்று லட்சம் அமெரிக்க டாலரில் முடிந்த படம். ஹாலிவுட் கணக்கில் அது சில்லறைக் காசு. கொலைகாரனின் முகமூடி, ஒரு தொலைக்காட்சித் தொடரின் கேப்டன் முகத்தில் செய்து கடையில் விற்றது. அதற்கு வெள்ளைச் சாயம் அடித்துக் கண் ஓட்டையைப் பெரிதாக்கினார்கள். இசையையும் கார்ப்பென்டரே போட்டுக்கொண்டார். கதை நடப்பது இல்லினாயில், எடுத்ததோ கலிபோர்னியாவில். இலையுதிர் காலம் என்று காட்டச் சாயம் பூசிய இலைகளைத் தெருவில் கொட்டி, ஷாட் முடிந்ததும் அள்ளி அடுத்த ஷாட்டுக்கு மறுபடி கொட்டினார்கள். இவ்வளவு சிக்கனத்திலும் அந்தத் தெருவும், எதிரெதிரே இருக்கும் இரண்டு வீடுகளும், நடுவில் கதாநாயகி ஓடிக் கடக்கும் சாலையும் நமக்கு அத்துபடி ஆகிவிடுகின்றன. கடைசி அரைமணி நேரப் பயம் முழுக்க அதிலிருந்து வருகிறது.

நம்ம லயம் அதைவிட நல்ல இடம். ஒரே கூரை, ஒரே வரிசை, வீட்டுக்கு வீடு ஒரு பலகைச் சுவர். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். கொலைகாரன் முதல் வீட்டில் நுழைகிறான், அவள் ஐந்தாம் வீட்டில் ஒளிந்திருக்கிறாள். பலகை கிறீச்சிடும் சத்தம் இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று நெருங்கி வருவதை வைத்தே ஒரு முழுக் காட்சியை ஓட்டலாமே. ஒரு சென் கூடச் செலவில்லை. படத்தில் ஒரு தடவையாவது லயத்தை முழுதாக, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை காட்டினார்களா? எனக்கு நினைவில்லை.

நீங்கள் என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்.

கடைசிவரிசை

காட்டவில்லை. நானும் தேடினேன்.

என் பங்குக்கு ஒன்று. முதல் கொலை படம் தொடங்கிய கையோடு வந்துவிடுகிறது. செத்தவன் யார், மற்றவர்களுக்கு என்ன உறவு, ஒன்றும் தெரியாது. ஒருவன் போய்விட்டான் என்று நமக்கு உறைக்க வேண்டுமானால் அவன் கொஞ்ச நேரமாவது நம்மோடு உட்கார்ந்திருக்க வேண்டும். நண்பர்கள் திண்ணையில் உட்கார்ந்து மெகி நூடல்ஸ் சமைத்துச் சாப்பிடுகிற காட்சி பின்னால் வருகிறதே, படத்திலேயே உயிருள்ள பேச்சு அங்கேதான் இருக்கிறது. அதை முன்னால் கொண்டுவந்தால் போதும். புதிதாக எதையும் எடுக்க வேண்டியதில்லை.

காண்டாவாளி

பிள்ளைகளா, நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்றவன். சினிமா நுணுக்கம் எனக்குத் தெரியாது. தோட்டத்து வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உச்சி வெயிலில் ஒரு பெண் பால் வெட்டுவதாகக் காட்டியிருக்கிறீர்கள். அப்படி யாரும் வெட்ட மாட்டார்கள். இருட்டு விலகும் முன்னே நெற்றி விளக்கோடு நிரைக்கு, அதாவது வெட்ட வேண்டிய மரவரிசைக்கு, போய்விட வேண்டும். அந்தக் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் பால் அழுத்தமாக இருக்கும், நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். வெயில் வந்த பிறகு நடப்பது பால் எடுக்கும் வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பயமுறுத்துகிற நேரத்தை நீங்களே விட்டுவிட்டீர்கள். விடியற்காலை நிரையில் நிற்கிறவளுக்குத் தன் விளக்கு வெளிச்சம் படும் மரம் மட்டும்தான் தெரியும். பக்கத்து நிரையில் இன்னொரு விளக்கு அசையும். அது தெரிந்த ஆளா என்று குரல் கொடுத்துப் பார்ப்போம். பதில் வராவிட்டால் முதுகு சில்லிடும். நாங்கள் எல்லாரும் அனுபவித்தது அது. படத்தில் இதைவிட என்ன வேண்டும்?

அடுத்தது கத்தி. பால் வெட்டுகிற கத்தியால் ஒரே வீச்சில் தலையை எடுக்கிறான். அந்தக் கத்தி அதற்கு ஆகாது. அதன் முனை மடங்கி, குழிவாக இருக்கும். மரப்பட்டையை மெல்லிசாகச் சீவுவதற்காகச் செய்தது. கட்டையில் பட்டால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கிற தண்டல் திட்டுவார். வீசுகிற கத்தி அல்ல, நிதானமாக இழுக்கிற கத்தி. வீச்சு வேண்டுமானால் செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கம்பு அரிவாள் இருக்கிறது. எட்டி நின்றே அறுக்கலாம். இருட்டில் கம்பு முதலில் தெரியும், ஆள் பிறகு தெரிவான்.

இப்போது எனக்குப் பிடித்த காட்சிக்கு வருகிறேன். செத்தவனின் ரத்தம் மரத்து வெட்டுக்கோடு வழியாக வழிந்து, பால் பிடிக்கிற மங்கில் (கிண்ணத்தில்) சொட்டுகிறதே, அதைப் பார்த்து என் மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். நல்ல யோசனை, யார் யோசித்தார்களோ அவர்களுக்கு என் பாராட்டு. ஆனால் கோடு தப்பு. வெட்டுக்கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சரிந்து இறங்க வேண்டும். நீங்கள் கிட்டத்தட்டப் படுக்கையாகப் போட்டிருக்கிறீர்கள். அதனால்தான் ரத்தம் ஓடாமல் பாதியில் பட்டை மேல் பரவி நின்றது, பிறகு யாரோ மேலேயிருந்து ஊற்றினது தெரிந்தது. சரிவு சரியாக இருந்திருந்தால் தானாகவே ஓடி, தகர மூக்கு வழியாக மங்கில் விழுந்திருக்கும்.

ஒலிப்பெட்டி

ஐயா சொன்னது எல்லாம் தங்கம். நெற்றி விளக்குக் காட்சியைப் பையன்கள் கண்டிப்பாக எடுக்க வேண்டும்.

நான் சத்தத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் படத்தை அதிகமாகக் கெடுப்பது சத்தம்தான். படம் மங்கலாக இருந்தால் மனசு மன்னித்துவிடும், சத்தம் பொய்யாக இருந்தால் மன்னிக்காது. இரவுக் காட்சிகளில் ஓநாய் ஊளையிடுகிறது. மலேசியாவில் ஓநாய் ஏது? இணையத்தில் கிடைத்த சத்தத்தை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அது கேட்ட உடனே பேராக் மறைந்து வேறு எந்த நாட்டுக் காடோ வந்துவிடுகிறது.

நம்ம செம்பனைத் தோட்டத்தில் எலியைப் பிடிக்கக் கூகைகளுக்குக் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து வளர்க்கிறார்கள். கூகை கூவாது, கிழிக்கிற மாதிரி நீளமாகக் கத்தும். பின்னிரவில் கேட்டால் ஒரு பெண் அலறுவதா என்று எழுந்து உட்காரத் தோன்றும். நம்ம பாட்டிமார்கள் சாக்குருவி என்று சொல்லிக் கதவைச் சாத்துவார்களே, அதுதான். ஓநாயை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள். போய் நாமே பதிவு செய்யலாம், யாரிடமும் உரிமை கேட்க வேண்டாம்.

இன்னொரு சத்தமும் உண்டு. ரப்பர் கொட்டை வெடிக்கிற காலத்தில் வெயில் நேரத்தில் மரத்தடியில் நின்றால் ‘டப்’ என்று தலைக்கு மேல் காய் வெடிக்கும், சற்று நேரத்தில் எங்கேயோ சருகு மேல் கொட்டை விழும். சின்ன வயதில் அந்தக் கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைக்காதவர் நம்மில் யார்? ஒரு ஆள் தனியாக நடக்கிறான், டப், நின்று பார்க்கிறான், ஒன்றும் இல்லை. மறுபடி நடக்கிறான், டப். மூன்றாவது சத்தம் காய் வெடித்தது இல்லை. பட்டப்பகலிலேயே பயமுறுத்தலாம்.

வசனப் பதிவு. லயத்துக்குள் பேசும்போது மண்டபத்துக்குள் பேசுவது போல எதிரொலிக்கிறது. பின்னால் டப்பிங் பேசினார்கள் என்று நினைக்கிறேன், காலி அறையில். சுவரெல்லாம் மெத்தை, போர்வை தொங்கவிட்டுப் பேசினாலே பாதி சரியாகிவிடும். மீதிக்கு அந்த லயத்துக்கே போய் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ஒலிவாங்கியைத் திறந்து வைத்துப் பதிவு செய்யுங்கள். பூச்சிச் சத்தம், தகரம் சூட்டில் முனகுவது, தூரத்துச் சாலை லாரி. அதை வசனத்துக்கு அடியில் மெல்ல ஓடவிட்டால் ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் விழுகிற அந்த ஓட்டைகள் அடைபடும்.

குத்துகிற சத்தமும் பிளாஸ்டிக் பையைக் கசக்குவது போல இருக்கிறது. ஹிட்ச்காக் 1960-இல் ‘சைக்கோ’ குளியலறைக் காட்சிக்கு ஒரு வகை முலாம்பழத்தைக் கத்தியால் குத்தித்தான் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தார். பாசாருக்குப் போய் விலை போகாத பூசணி, முலாம்பழம் எல்லாம் வாங்கி வந்து குத்திப் பாருங்கள். எலும்பு முறிவதற்கு செலரித் தண்டை முறிக்க வேண்டும்.

சாயம்

நான் இந்தப் படத்தில் ஒப்பனை செய்தவள். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். கேட்டது நாங்கள்தான், அதனால் கோபம் இல்லை. ஆனால் எப்படி எடுத்தோம் என்பதும் தெரிய வேண்டும்.

எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறு மட்டும்தான் படப்பிடிப்பு. கேமராவை வாடகைக்கு எடுத்த நாளில் பிற்பகலுக்கு மேல் மழை கொட்டும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, அதனால்தான் டப்பிங் பேசினோம். எங்களிடம் இருந்தது இரண்டு எல்இடி பலகைகள். ஒன்று பாதியில் பழுதாகிவிட்டது. லயத்தை முழுதாகக் காட்டவில்லை என்று மரத்தடி அண்ணன் சொல்வது உண்மை. இரவில் அவ்வளவு நீளத்துக்கு எங்களிடம் வெளிச்சம் இல்லை.

ரத்தத்தைப் பற்றி மண்டபத்தில் சிரிப்பு வந்தது, எனக்குக் கேட்டது. வாயில் பட்டாலும் ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காக ரோஸ் சிரப்பில் செய்தேன். வெறும் கண்ணுக்குச் சரியாக இருந்தது. அந்த எல்இடி வெளிச்சத்தில் திரையில் இளஞ்சிவப்பாகிவிட்டது. அதோடு சர்க்கரை வாசத்துக்கு எறும்பு. செத்தவனாகப் படுத்திருந்த தம்பி கழுத்தெல்லாம் தடித்து வீங்கியும் ஷாட் முடியும்வரை அசையவில்லை. திரையில் அது யாருக்கும் தெரியாது, நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதுகிறேன்.

மரத்தடி

தங்கச்சி, எழுதினதற்கு நன்றி. அந்தத் தம்பிக்கும் சொல்லுங்கள், அவன் அசையாமல் கிடந்ததால்தான் அந்தக் காட்சி நிற்கிறது.

லயத்தை இரவில்தான் காட்ட வேண்டும் என்று இல்லை. நண்பர்கள் வந்து இறங்கும்போது மாலை வெளிச்சம் இருக்கிறதே. அப்போது ஒருவன் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடுவரை நடந்து, “இது எங்க வீடு, இது கங்காணி தாத்தா வீடு, இந்தக் கதவு எப்போதும் மூடாது” என்று காட்டிக்கொண்டே போகட்டும். ஒரே ஷாட், வெட்டே வேண்டாம். ஒரு செலவும் இல்லாமல் பார்க்கிறவர்களுக்கு இடம் மனப்பாடம் ஆகிவிடும். மூடாத கதவு என்று முன்னாலேயே சொல்லிவிட்டால், இரவில் அவள் அந்தக் கதவை நோக்கி ஓடும்போது நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், மண்டபமே “அங்கே போகாதே” என்று கத்தும்.

ரத்தத்துக்கு ஒன்று சொல்கிறேன். ‘சைக்கோ’ கறுப்பு வெள்ளை என்பதால் சாக்லேட் சிரப்பே ரத்தமாக ஓடியது. வண்ணப் படத்துக்குக் கெட்டியான சோளச் சிரப், சிவப்புச் சாயம், கூடவே கொஞ்சம் கொக்கோ தூள். கொக்கோ அந்த ரோஸ் நிறத்தை அடக்கிவிடும். நீலச் சாயம் ஒரு சொட்டு விட்டால் இன்னும் கறுக்கும். எல்லாமே தின்னக்கூடியவை, வாயில் பட்டால் பயமில்லை. கலந்ததும் அதே விளக்கில், அதே கேமராவில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

கடைசிவரிசை

ரத்தத்தைக் குறைத்தாலே நல்லது என்பேன். டோபி ஹூப்பர் டெக்சாஸில் எடுத்து 1974-இல் வெளியான ‘டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’, அந்த மரமறுக்கும் ரம்பப் படத்தைப் பார்த்தவர்கள் ரத்த வெள்ளம் என்று சத்தியம் செய்வார்கள். திரும்பப் போய்ப் பார்த்தால் ரத்தம் மிகக் குறைவாகத்தான் காட்டியிருப்பார். வெயில், வியர்வை, எலும்பு, ரம்பத்தின் சத்தம். மீதியை நம் மனசே வரைந்துகொள்கிறது.

இன்னொன்று, படம் திரையரங்குக்குப் போக வேண்டுமானால் உள்துறை அமைச்சின் கீழ் உள்ள தணிக்கை வாரியத்தைத் தாண்ட வேண்டும். 2002-ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டம் தெரியாமல் கழுத்தறுப்பைக் கிட்டத்தில் காட்டிவிட்டு, அவர்கள் வெட்டச் சொன்ன பிறகு காட்சியே புரியாமல் போவதைவிட, முன்னாலேயே கதவுக்குப் பின்னால் வைத்துவிடலாம்.

கிராணிமகள்

இதுவரை யாரும் தொடாத இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்துகின்றன.

ஒன்று, அந்தப் பங்களாதேஷ் தொழிலாளி. படத்தின் முதல் பாதி முழுக்க அவர்மேல் சந்தேகம் வரும்படி எடுத்திருக்கிறீர்கள். அவர் முகத்தைக் காட்டும்போதெல்லாம் இசை உறுமுகிறது. அவருக்கு ஒரு வரி வசனம் கூட இல்லை. கடைசியில் அவரையும் கொன்றுவிட்டு, பாவம் நல்லவர்தான் என்று ஒருவன் சொல்வதோடு முடிந்துவிடுகிறது. இன்று தோட்டத்து வேலையைச் செய்வது பெரும்பாலும் அவர்களும் இந்தோனேசியர்களும்தான். நம் தாத்தா பாட்டி இருந்த அதே லயத்தில், அதே தண்ணீர்க் குழாயில் குளித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்து தோட்டத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அடுத்து வந்தவரைப் பார்த்துப் பயப்படச் சொல்லிப் படம் எடுக்கலாமா? எனக்கு மனசு வலித்தது.

அடுத்தது அந்தப் பெண் சாகும் விதம். காதலனோடு தனியாகப் போகிறாள், சாகிறாள். பீர் குடித்த இன்னொருத்தி, அவளும் சாகிறாள். கோயிலில் விளக்கேற்றினவள் பிழைக்கிறாள். இது பழைய அமெரிக்கப் படங்களில் தேய்ந்துபோன கணக்கு. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நம்ம முனியாண்டி கோயில் வாசலில் வைத்திருக்கிறீர்கள். பிழைப்பவள் ஏன் பிழைக்கிறாள்? லயத்தில் பிறந்தவள் அவள் ஒருத்திதான் என்று ஓர் இடத்தில் சொல்கிறாளே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பரண் மேல் ஏறினால் பக்கத்து வீட்டுப் பரணுக்குப் போகலாம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். பக்தியால் பிழைக்க வேண்டாம், இடம் தெரிந்ததால் பிழைக்கட்டும்.

ஒலிப்பெட்டி

அக்கா, இரண்டாவதை முழுசாக ஒத்துக்கொள்கிறேன். முதலாவதில் எனக்கு ஒரு கேள்வி. யார்மேலாவது சந்தேகம் விழாமல் இந்த வகைப் படம் ஓடுமா? அந்நியர் ஒருவர் அங்கே இருந்தால் அந்த நண்பர்கள் சந்தேகப்படத்தானே செய்வார்கள்? நிஜத்திலும் அப்படித்தானே நடக்கிறது?

கிராணிமகள்

நண்பர்கள் சந்தேகப்படட்டும் தம்பி, அது அவர்களின் குறையாக இருக்கட்டும். ஆனால் இசையும் கேமராவும் சேர்ந்து சந்தேகப்படுகின்றன. அது படம் எடுத்தவர்களின் பார்வையாகிவிடுகிறது. அவர் சமைப்பதை, வீட்டுக்குப் போன் பேசுவதை ஒரு நிமிடம் காட்டுங்கள். அந்த இரவில் தோட்டத்தில் தனியாக இருந்து முதலில் எதையோ கண்டு பயந்தவர் அவராகத்தானே இருக்க முடியும்? நண்பர்களுக்கு அவர் ஏதோ சொல்ல முயல்கிறார், இவர்கள் காது கொடுக்கவில்லை என்று வைத்தால் கதையும் இறுகும், அவர் மரணமும் உறைக்கும்.

சந்தேகப்பட ஆள் வேண்டுமானால், காலி வீட்டுச் சாவிகளை எல்லாம் இன்னும் இடுப்பில் வைத்திருக்கும் அந்தப் பழைய காவலாளி இருக்கிறாரே.

காண்டாவாளி

அம்மா சொல்வது சரி. அந்தப் பங்களாதேஷ் பையன்களோடு நான் கடைசிக் காலத்தில் வேலை செய்திருக்கிறேன். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் நிரையையும் சேர்த்து வெட்டிக் கொடுத்தவர்கள்.

நாள்காட்டி

கொலைகாரனின் பின்கதையில் ஒரு பெரிய பிழை. “அம்பத்தெட்டில் இங்கே அவசரகாலம் ஆரம்பிச்சப்போ” என்று பெரியவர் ஒருவர் சொல்கிறார். வேறு எந்த ஊர்ப் படத்திலும் இதை விட்டுவிடலாம். சுங்கை சிப்புட்டில் எடுத்த படத்தில் விட முடியாது. 1948 ஜூன் 16 அன்று நம்ம ஊர் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலத்தையே பிரகடனம் செய்தது. முடிந்தது 1960-இல். இந்த ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் ஏறினதே அந்தத் தேதியால்தான்.

பிழையைத் திருத்துவதோடு நிற்காமல் அந்தக் காலத்தை உள்ளே கொண்டுவரலாம் என்பது என் ஆசை. 1950-க்குப் பிறகு தோட்டத்துச் சனங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, இரவில் ஊரடங்கு வைத்தார்கள். வெளியே ஆயுதம் ஏந்தினவர்கள், உள்ளே சோதனை, இரண்டுக்கும் நடுவில் நம் சனங்கள். கொலைகாரனுக்கு இப்போது சொல்லியிருக்கும் காரணம் ஒரு சாபம். அது எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியது. வேலிக்கு வெளியே விடப்பட்டு, கதவு திறக்கப்படாத ஒருவனின் கதை நம்ம லயத்தில்தான் நடக்க முடியும்.

கடைசிவரிசை

அண்ணே, கதையை அடியோடு மாற்றச் சொன்னால் பையன்கள் படத்தை எப்போது முடிப்பது? இருக்கிறதைச் சீர்செய்ய வழி சொல்வோம்.

நாள்காட்டி

அதனால்தான் சொல்கிறேன். அந்தப் பெரியவர் பேசும்போது கேமரா அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, உதடு தெரியாது. நான்கு வரியை மாற்றி டப்பிங் பேசினால் போதும். முள்வேலியின் மிச்சம் ஏதாவது ஒரு தூணில் சுற்றியிருப்பதை ஒரு ஷாட் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

வெட்டுமேசை

வணக்கம். படத்தொகுப்பு செய்பவன் நான். இயக்குநரும் மற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாவற்றையும் சேர்ந்து படித்தோம். சிலதுக்கு வலித்தது, ஆனால் இவ்வளவு அக்கறையாக யாரும் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

முடிவானதைச் சொல்கிறேன். ஓநாயை இப்போதே எடுத்துவிட்டோம். திண்ணைச் சாப்பாட்டுக் காட்சியை முதல் கொலைக்கு முன்னால் நகர்த்திப் பார்த்தேன், படமே வேறு மாதிரி இருக்கிறது. கடைசிவரிசை அண்ணனுக்கு நன்றி. பெரியவர் வசனத்தை நாள்காட்டி அண்ணன் எழுதித் தந்தால் டப்பிங் பேச அவரையே மறுபடி கூப்பிடுகிறோம். தொழிலாளி வரும் காட்சிகளில் இசையை முழுக்க எடுத்துவிட்டோம். அவர் போன் பேசும் ஷாட் ஒன்று எடுத்து, நீளம் கருதி வெட்டி வைத்திருந்தேன், அதைத் திரும்பச் சேர்க்கிறேன். அவர் எச்சரிக்க முயல்வதாகப் புதிதாக எடுக்க முடியாது, அந்த நடிகர் ஊருக்குப் போய்விட்டார்.

விளக்கேற்றும் ஷாட்டை நீக்கிவிடலாம். ஆனால் பரண் வழியாகத் தப்புவதை எடுக்க லயத்துக்குள் மறுபடி போக வேண்டும், அனுமதி கேட்டிருக்கிறோம். பலகை கிறீச்சிடும் காட்சி, மாலையில் லயத்தை நடந்து காட்டும் ஷாட், நெற்றி விளக்குக் காட்சி, வெட்டுக்கோடு. இந்த நாலையும் ஒரே வார இறுதியில் எடுத்துவிடப் பார்க்கிறோம். தலையை வீசி எடுக்கும் காட்சி போய்விடுகிறது. கதவுக்குப் பின்னால் வைக்கிறோம்.

காண்டாவாளி ஐயா, வெட்டுக்கோடு போட நீங்கள் வர முடியுமா? எங்களுக்கு யாருக்கும் கை வராது.

காண்டாவாளி

வருகிறேன். என் கத்தியையே எடுத்து வருகிறேன், தீட்டி வைத்திருக்கிறேன். உயிருள்ள மரத்தில் போட வேண்டாம், தோட்டத்தார் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மறுநடவுக்காகச் சாய்க்கப் போகும் மரம் அந்த மேட்டுப் பக்கம் நிற்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். நெற்றி விளக்குக் காட்சிக்கு அந்தப் பெண்ணை முதல் நாளே என்னிடம் அனுப்புங்கள். கத்தி பிடிக்கவும், மங்கைத் துடைத்து வைக்கவும், வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் கோட்டுப்பாலை உரித்துப் பையில் போடவும் சொல்லித் தருகிறேன். கை பழகினால்தான் பயப்படும்போதும் கை சரியாக நடுங்கும்.

சாயம்

ஐயா, அந்தப் பெண்ணோடு நானும் வருகிறேன். கொக்கோ கலந்த ரத்தம் இன்று செய்து பார்த்தேன், அதே எல்இடியில் கறுஞ்சிவப்பாக வருகிறது. சரிவான கோட்டில் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்துக் கெட்டித்தன்மையைச் சரிசெய்ய வேண்டும். இந்தத் தடவை படுக்கிற இடத்தைச் சுற்றி எறும்புப் பொடி போட்டுவிட்டுத்தான் தம்பியைப் படுக்க வைப்பேன்.

ஒலிப்பெட்டி

பதிவுக் கருவி என்னிடம் இருக்கிறது, காற்றுத் தடுப்பும் உண்டு. சனிக்கிழமை பின்னிரவே வந்து கூகைக்காகக் காத்திருக்கிறேன். செம்பனைப் பக்கம் காவலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

காண்டாவாளி

வெள்ளிக்கிழமை ராத்திரி மழை பெய்தால் எனக்குப் போன் போடுங்கள். பட்டை ஈரமாக இருந்தால் பால் கோட்டில் நிற்காது, மரமெல்லாம் பரவிவிடும். அப்படியென்றால் மறுவாரத்துக்குத் தள்ளிவிடுவோம்.